மேடத்துக்குக் கருத்து வந்த கதை

பதினெட்டு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்த ஒருத்திக்குத் திடீரென்று நாட்டு நடப்பைப் பற்றிக் கருத்து வந்தது. வரட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் அந்தக் கருத்தைச் சொல்ல அவளுக்கு இன்னொருத்தியின் தொண்டை தேவைப்பட்டது. இது அந்தத் தொண்டைக்காரியின் கதை.

ஸ்டுடியோவில் எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பதை நெருங்கும் வயது, குள்ளம், தடித்த கண்ணாடி. கடையில் வரிசையில் நின்றால் பின்னால் வந்தவர்கள் கூச்சமே இல்லாமல் முந்திக்கொண்டு போவார்கள். அவள் பேசினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வீட்டில் பேசுகிற குரல் கொஞ்சம் கட்டை, மழை நாளென்றால் மூக்கடைப்பும் சேர்ந்துகொள்ளும். ஆனால் மைக்குக்கு முன்னால் நின்று, கண்ணை அரைவாசி மூடி, தொண்டையை ஒரு படி மேலே ஏற்றினால் போதும். மேடம் வந்துவிடுவாள்.

மேடம் என்றால் அந்த மேடம்தான். சுவரொட்டியில், சோப்பு உறையில், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்டு அட்டையில் சிரிக்கிறவள். நாற்பத்தொரு படம். அத்தனை படத்திலும் காதலித்தது, சண்டை போட்டது, செத்துப்போன புருஷன்மேல் விழுந்து கதறியது எல்லாம் அக்காவின் குரல். மேடத்தின் சொந்தக் கரகரத்த குரலைக் கேட்டவர்கள் மொத்தம் பத்துப் பேர் இருப்பார்கள். அதில் ஒன்பது பேர் வெளியே சொல்ல மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள், பத்தாவது ஆள் மேடத்தின் அம்மா.

அதனால் பொது இடத்தில் மேடம் பேசுவதே கிடையாது. விருது கொடுத்தால் மார்பில் கை வைத்து, உதட்டைக் குவித்து, கண்ணில் கொஞ்சம் ஈரம் காட்டிவிட்டு இறங்கிவிடுவாள். மேடத்தின் மௌனத்தில் எவ்வளவு ஆழம் என்று ஒரு பத்திரிகை இரண்டு பக்கம் எழுதியிருந்தது. அக்கா அதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினாள். அவளும் வீட்டுக்காரரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இருவரும் சேர்ந்த கதையும் குரலால் வந்ததுதான். கல்யாணத்துக்கு முன்னால் அக்கா பஸ் நிலையத்தில் அறிவிப்பு செய்கிற வேலையில் இருந்தாள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் ஒரு வண்டியைப் பத்து நிமிஷம் முன்னாடியே கிளப்பிவிட்டாள், அதாவது வாயால். பயணிகள் பாய்ந்து போய் ஏறி உட்கார்ந்துகொண்டு டிரைவர் எங்கே என்று கத்தினார்கள். டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் நேராக அறிவிப்பு அறைக்குச் சண்டை போட வந்தார். வந்தவர் கடைசியில் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனார். "உன் பேச்சை நம்பி அன்னிக்கு நாப்பது பேர் ஏறி உக்காந்துட்டாங்க. நான் உக்கார மாட்டேனா?" என்று பிற்பாடு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

அக்கா மேடத்தை நேரில் பார்த்தது பதினெட்டு வருஷத்தில் மூன்றே தடவை. முதல் தடவை படப்பிடிப்புத் தளத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்கள். மேடம் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுத் தன் மேனேஜரிடம், "இதா?" என்றாள். இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் அதுகூடச் சொல்லவில்லை. அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை இருந்தது, வேலையில் அவளை அடிக்க ஆள் இல்லை என்ற பேர் இருந்தது. அந்தப் பேர்தான் அவளுடைய நகைநட்டு எல்லாம்.

அந்த வருஷம் பஸ் டிரைவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சம்பளத்துக்காக இல்லை. வண்டிகளில் பிரேக் சரியில்லை. எழுதிக் கொடுத்தால் நிர்வாகம் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, வண்டியை எடு என்று சொல்லும். ஒரு டிரைவரின் வண்டி பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் இறங்கி ஒரு ஆள் செத்துப்போனான். டிரைவரின் அலட்சியம் என்று சொல்லி அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். மெக்கானிக் பிரேக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் எந்த வண்டியும் டெப்போவை விட்டு வெளியே போகக் கூடாது, ஒரே டிரைவரை இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து ஓட்டச் சொல்லக் கூடாது, இவ்வளவுதான் அவர்கள் கேட்டது. அக்காவின் வீட்டுக்காரர் முதல் நாளிலிருந்தே டெப்போ வாசலுக்கு எதிரே போட்ட கூடாரத்தில் உட்கார்ந்திருந்தார். ஐந்து வாரம் ஓடிவிட்டது. ஊர் முணுமுணுத்தது, ஆனால் இன்னும் பகைக்கவில்லை.

அப்போதுதான் சவுண்ட் இன்ஜினியர் போன் செய்தான். அக்காவைவிடப் பத்து வயது சின்னவன், அவளிடம் மரியாதை உள்ளவன்.

"அக்கா, நாளைக்கு ஒரு சின்ன வேலை. மேடம் ஒரு பொதுநலச் செய்தி குடுக்கிறாங்க. நாலே நிமிஷம்."

"எதைப் பத்தி தம்பி?"

"குழந்தைங்க, ஆஸ்பத்திரின்னு ஏதோ. எனக்கும் முழுசா வரலை. காலையில வந்துருங்க."

டப்பிங்கில் ஒரு பழக்கம் உண்டு. முழுப் பேச்சையும் ஒரே மூச்சில் பேச மாட்டார்கள். ஒரு வரி, இரண்டு வரி என்று துண்டு துண்டாக வெட்டி ஓட்டுவார்கள். துண்டுக்கு லூப் என்று பேர். அதிலும் வரிசை கிடையாது. அழுகிற லூப்பை எல்லாம் முதலில் எடுத்துவிடுவார்கள். பேசிப் பேசித் தொண்டை களைத்த பிறகு அழுதால் அது அழுகை மாதிரி இருக்காது, சளி மாதிரி இருக்கும். ஆகவே இந்தத் தொழிலில் முதலில் அழுதுவிட வேண்டும், எதற்காக அழுதோம் என்பது பிறகுதான் தெரியவரும். பதினெட்டு வருஷம் அக்கா அப்படித்தான் அழுதிருக்கிறாள், அதில் ஒரு தப்பும் அவளுக்குத் தெரிந்ததில்லை.

அன்றைக்கும் திரையில் மேடம் பூச்சில்லாத முகம் போலத் தோன்றும்படி பூசிக்கொண்டு, வெள்ளை உடையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்தது. அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"அந்தத் தாய் மூணு மணி நேரம் நின்னா. மடியில காய்ச்சலோட குழந்தை. யாருமே வரலை."

ஒரே டேக். ஆஸ்பத்திரியில் டாக்டர் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பேசினாள். தன் மகளுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்த ஒரு பகலை மனதில் கொண்டுவந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். அடுத்த லூப், அதற்கடுத்த லூப். ஏழு முடிந்தது. எட்டாவது ஓடியது.

"டிரைவர் சகோதரர்களே, உங்க பிடிவாதத்துக்கு இன்னும் எத்தனை குழந்தைங்க?"

அக்கா ஹெட்போனைக் கழற்றினாள்.

"தம்பி, இது எங்க ஆளுங்களைப் பத்தியா?"

இன்ஜினியர் உள்ளே வந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சத்தியமா எனக்கும் இப்பத்தான் தெரியும்க்கா. அடுத்த வாரம் கலை வாரியத்துக்குத் தலைவர் போடப் போறாங்களாம். மேடம் அந்த நாற்காலிக்கு முயற்சி பண்றாங்க போல. ஸ்கிரிப்ட் மேல இருந்து வந்திருக்கு."

"என் புருஷன் அஞ்சு வாரமா வெயில்ல உக்காந்திருக்காருடா. நான் பேச மாட்டேன்."

"சரிக்கா, விடுங்க. நான் வற்புறுத்தலை. அழுத லூப் எல்லாம் கையில இருக்கு. மிச்சத்துக்கு அந்தச் சின்னப் பொண்ணைக் கூப்பிட்டுக்கிறேன். உங்களை மாதிரியே பேசுறேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிக்கிட்டுத் திரியுது. அவரும் ஒருநாள் பாக்கலாமேன்னுதான் கேட்டுக்கிட்டு இருக்கார்."

அந்தச் சின்னப் பெண்ணை அக்காவுக்குத் தெரியும். மூக்கால் பேசுகிறவள். "குழந்தை" என்ற சொல்லையே கடித்துத் துப்புகிறவள். தன் ஏழு லூப்புக்குப் பக்கத்தில் அந்த மூக்கை ஒட்டுவதா? அக்காவுக்கு ரத்தம் தலைக்கேறியது. வீட்டுக்காரரின் வெயில், பிரேக், உள்ளே கிடக்கிற டிரைவர், எல்லாம் அந்த ஒரு நிமிஷம் எங்கே போயிற்றோ. ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

முதல் டேக் செத்துப்போயிருந்தது. மனசில்லாத வாய் வேறெப்படிப் பேசும்? இன்ஜினியர் போனில் மேனேஜருக்குப் போட்டுக் காட்டினான். "என்னய்யா, அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சா? உயிரே இல்லையே," என்று மேனேஜர் சொன்னது அக்காவின் காதில் விழுந்தது. வேண்டுமென்றே விழ வைத்தானோ என்னவோ. அவள் இரண்டாவது டேக் கேட்டாள், மூன்றாவது கேட்டாள். நாலாவதில் அந்த "எத்தனை குழந்தைங்க" என்ற இடத்தில் மூச்சை நிறுத்தி, உடைத்து, உடைந்ததை விழுங்கி, ஒரு தாய் மண்டியிட்டுக் கேட்பது போலக் கேட்டாள். இன்ஜினியர் சீழ்க்கை அடித்தான். அக்காவுக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. பிற்பாடு அவள் தன்மேல் காறித் துப்பிக்கொண்டதெல்லாம் அந்த ஒரு கணத்துக்காகத்தான்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் கேட்டார். "இன்னிக்கு என்ன படம்?"

"படமில்லைங்க. ஏதோ விளம்பரம்."

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் கூடாரத்துக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனாள். இருபது பேர் ஒரே போனைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். தூரத்திலேயே அவளுக்கு அவள் குரல் கேட்டுவிட்டது. திரும்பிப் போகவும் முடியவில்லை, வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"நடிகைக்கு பஸ்ஸைப் பத்தி என்ன தெரியும்? வாயை மூடிக்கிட்டு நடிச்சிட்டுப் போக வேண்டியதுதானே," என்று ஒரு இளம் டிரைவர் கத்தினான்.

"ஏன், அவளும் இங்க இருக்கிறவதானே, பேசட்டும்," என்றார் மூத்த டிரைவர் ஒருவர். "கடைசியா பஸ்ல ஏறினது எப்போன்னும் சேர்த்துச் சொல்லட்டும்."

கண்டக்டர் ஒருவன் மட்டும் கோபப்படவில்லை. இரண்டு சின்னப் பிள்ளைகள் உள்ளவன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டான். "என்ன இருந்தாலும் அந்தக் குழந்தை விஷயம்... மனசு கேக்கலைப்பா," என்றான்.

அக்கா பேசுவது மேடத்துக்காக என்று அந்தக் கூடாரத்தில் ஒருவருக்கும் தெரியாது, வீட்டுக்காரரைத் தவிர. அவர் சாப்பாட்டைப் பிரித்தார். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டுப் பாத்திரத்தை அவளிடம் நீட்டும்போது, ஒவ்வொரு படத்துக்கும் சொல்வதைப் போலவே, "நல்லா வந்திருக்கு," என்றார். அதோடு சரி. அன்றிலிருந்து அவர் வீட்டில் உப்பு, தண்ணீர், சாவி இவற்றைப் பற்றி மட்டும் பேசினார்.

அந்த நாலு நிமிஷம் செய்த வேலையை ஐந்து வாரமாக நிர்வாகத்தால் செய்ய முடியவில்லை. முணுமுணுத்த ஊர் பகைத்தது. கூடாரத்தைத் தாண்டிப் போகிறவர்கள் "குழந்தையைக் கொல்றவனுங்க" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து, பிரபலங்கள் பொது இடத்தில் அரசியல் பேசலாமா கூடாதா என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். பேசுவது அவர்கள் உரிமை என்று ஒருத்தர். கடமை என்று இன்னொருத்தர். மேடத்தின் குரலில் உண்மை இருந்தது, அதை நடிக்கவே முடியாது என்று ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேடம் சொன்னது நடந்ததா, அந்தத் தாய் யார், எந்த நிறுத்தத்தில் நின்றாள் என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே! அப்படி ஒரு தாய் கிடையாது, ஸ்கிரிப்டில் பிறந்து ஸ்கிரிப்டிலேயே போனவள். அக்கா அந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒவ்வொரு முகத்தைப் பார்த்தும் குமட்டியது, அதில் அவள் முகமும் சேர்த்தி.

வீடியோ வந்த நாலாம் நாள் போராட்டம் உடைந்தது. முதலில் வேலைக்குத் திரும்பியவர்களில் அந்தக் கண்டக்டரும் ஒருவன். அக்காவின் வீட்டுக்காரரையும் இன்னும் பதினொரு பேரையும் வேலையை விட்டு நிறுத்தினார்கள். மேடத்துக்கு வாரியத்தில் நாற்காலி கிடைத்தது.

வண்டிகள் மறுபடி ஓடத் தொடங்கிய பத்தாம் நாள், பாலத்துச் சரிவில் இறங்கிய ஒரு பஸ் பிரேக் பிடிக்காமல் சுவரில் போய் மோதியது. இரண்டு பயணிகள் செத்துப்போனார்கள். கண்டக்டரும் செத்துப்போனான். அவனேதான், மனசு கேட்கவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டவன். செய்தியை மகள்தான் போனில் பார்த்துவிட்டுச் சொன்னாள். அக்கா அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார், வா என்று அவளைக் கூப்பிடவில்லை.

ஊர் இப்போது மறுபக்கம் திரும்பியது. டிரைவர்கள் சொன்னது சரிதானே, அந்த நடிகை எதற்கு இதில் மூக்கை நுழைத்தாள் என்று, இரண்டு வாரத்துக்கு முன்னால் கண்ணீர் விட்ட அதே வாய்கள் கேட்டன. மேடம் ஒரு வாசனைப் பொருள் கடையைத் திறக்கப் போன இடத்தில் நிருபர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மேடம் வழக்கம்போல மார்பில் கை வைத்து, கண்ணில் ஈரம் காட்டினாள். பக்கத்தில் நின்ற மேனேஜர் ஒரு காகிதத்தைப் பிரித்துப் படித்தார்.

"மேடம் அடிப்படையில் ஒரு கலைஞர். அவருக்கு எந்த அரசியல் கருத்தும் கிடையாது. அந்தக் காணொளியில் ஒலிப்பது மேடத்தின் குரலே அல்ல. குரல் கொடுத்த பெண்மணி தன் விருப்பப்படி உணர்ச்சியைக் கூட்டிவிட்டார். அதற்காக மேடம் மிகவும் வருந்துகிறார்."

கேட்டீர்களா? பதினெட்டு வருஷம் பூட்டி வைத்த ரகசியம், ஒன்பது பேரிடம் கையெழுத்து வாங்கிய ரகசியம். தப்பிக்க ஒரு வழி வேண்டும் என்றதும் அரை நிமிஷத்தில் எடுத்துத் தெருவில் எறிந்தார்கள். இரவல் வாங்கிய துணியில் கறை பட்டால் துணிக்காரியைத் திட்டுகிற ஜாதி. பேசு, தாராளமாகப் பேசு. பிரபலமாயிருப்பதால் உன் வாயை யாரும் தைத்துவிடவில்லை. ஆனால் பேசியதற்கு நில்லேன். அடி வாங்கு, நாற்காலியைத் திருப்பிக் கொடு, செத்தவன் வீட்டு வாசலில் போய் நின்று நான்தான் சொன்னேன் என்று உன் கரகரத்த தொண்டையால் சொல்லேன். அதற்கு மட்டும் ஆள் இல்லை.

மகள் தொலைக்காட்சியை நிறுத்தினாள். "அம்மா, இவங்க உன்னையா சொல்றாங்க?"

அக்காவுக்கு மேடத்தின்மேல் வந்த அருவருப்பைவிடப் பெரியதாக ஒன்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அந்தக் காகிதத்தில் பாதி பொய், ஆனால் ஒரு வரி அவளைச் சுட்டது. உணர்ச்சியைக் கூட்டியது அவள்தான். நாலாவது டேக் அவள் கேட்டு வாங்கியது.

அக்காவின் பேர் இரண்டே நாளில் வெளியே வந்தது. தெருவில் சிலர் அவளைப் பார்த்துத் துப்பினார்கள். சிலர் பக்கத்தில் வந்து, "அந்தப் படத்துல நீங்க அழுத சீன் இருக்கே!" என்று ஆரம்பித்தார்கள். எது மேல் என்று அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் அவளைப் பார்த்துத் துப்பவுமில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள். அவர் மறுபடி பழையபடி தன்னோடு பேச வேண்டும், தான் ஒன்று சொன்னால் அதை நம்பிச் சிரிக்க வேண்டும், அது போதும் அவளுக்கு. ஸ்டுடியோ போனாலும் பேர் போனாலும் பரவாயில்லை.

அந்த நேரத்தில் சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். பெரிய மீசை, முப்பது வருஷப் போராட்டக்காரர். மறுபடியும் வேலை நிறுத்தம், இந்தத் தடவை ஊரே பின்னால் நிற்கிறது, நாளை சாயங்காலம் டெப்போ வாசலில் கூட்டம் என்றார்.

"நீ வந்து பேசணும் தங்கச்சி. நடந்ததை நடந்தபடி சொல்லணும்."

அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். "வர்றேன் அண்ணே," என்றாள்.

தலைவரின் முகம் மலர்ந்தது. கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நம்பவே முடியலம்மா, நீதானா அது? எங்க, ஒரே ஒரு வரி அந்த மாதிரி பேசு பாப்போம்," என்றார். அதோடு விடவில்லை. போனை எடுத்துத் தன் மகளைக் கூப்பிட்டு, "யாரு பேசுறான்னு பாரு" என்று அக்காவின் வாய்க்கு நேரே நீட்டினார். செத்தவனுக்குக் காரியம்கூட முடியவில்லை. இவர்களும் அப்படித்தானா என்று அக்காவுக்கு வெறுத்துப் போயிற்று. இருந்தும் வணக்கம் சொன்னாள். போனுக்குள் யாரோ கீச்சென்று சந்தோஷத்தில் கத்தினார்கள்.

மறுநாள் சாயங்காலம் டெப்போ வாசல் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் செத்துப்போன கண்டக்டரின் மனைவி இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் ஓரமாக மதிலில் சாய்ந்து நின்றார். அக்கா மைக்குக்கு முன்னால் போய், தன் வீட்டுக் குரலில், மூக்கடைப்போடு ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு அந்த வீடியோவுல பேசினது நான்தான். எதைப் பத்தின்னு பாதியிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் பேசினேன். யாரும் என் கழுத்தைப் பிடிக்கலை. இன்னொருத்தி பேசிடுவாளேன்னு பொறாமையில பேசினேன்..."

"கேக்கல!" என்றார்கள் பின்னாலிருந்து. மைக் சரியாகத்தான் இருந்தது. அவளுக்குத் தெரியாத மைக்கா?

"என் வீட்டுக்காரர் இருபத்திநாலு வருஷமா இதே டெப்போவுல..."

"அந்தக் குரல்ல பேசுங்க!" என்றான் ஒருவன். நாலைந்து பேர் சிரித்தார்கள். பிறகு நாற்பது பேர் சொன்னார்கள், பிறகு எல்லாரும். போன்கள் மேலே உயர்ந்தன. தலைவர் பக்கத்தில் வந்து காதோடு, "பேசும்மா, கூட்டம் கலைஞ்சிடும். இந்த வீடியோ வெளிய போனாத்தான் நமக்கு பலம்," என்றார்.

அக்கா முன்வரிசையைப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளில் சின்னது மணலை அள்ளி விளையாடிக்கொண்டிருந்தது. கூட்டம் கலைந்தால் வீட்டுக்காரருக்கும் பதினொரு பேருக்கும் வேலை இல்லை, அடுத்த வண்டியும் பிரேக் இல்லாமல்தான் போகும். அவள் கண்ணை அரைவாசி மூடினாள். தொண்டையை ஒரு படி மேலே ஏற்றினாள்.

மேடம் வந்தாள். வந்து, பிரேக்கைப் பற்றிப் பேசினாள். பாலத்துச் சரிவைப் பற்றி, கையெழுத்துப் போடாத மெக்கானிக்கைப் பற்றி, வீட்டில் காத்திருக்கிற இரண்டு பிள்ளைகளைப் பற்றிப் பேசினாள். சொன்னதெல்லாம் சத்தியம். கூட்டம் மூச்சு விடவில்லை. பெரிய பெரிய ஆம்பிளைகள் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். முடித்ததும் எழுந்த கைதட்டல் டெப்போவின் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. உள்ளே நிறுத்தி வைத்திருந்த வண்டிகளில் ஒன்றுகூட அன்று வெளியே போகவில்லை.

கீழே இறங்கியதும் கண்டக்டரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள், அதற்குத் தயாராகவும் இருந்தாள்.

"மேடமே வந்த மாதிரி இருந்துச்சுக்கா," என்றாள் அவள். கண் வீங்கியிருந்தது. "அவருக்கு இந்தக் குரல்னா உசுரு."

அக்கா கையை உருவிக்கொண்டு வெளியே வந்தாள். மதிலோரம் போய் நின்றாள். வீட்டுக்காரர் வந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். இருவரும் வீட்டுப் பக்கம் நடந்தார்கள். கடைகள் திறந்திருந்தன, ஒரு கடை வாசலில் அதற்குள்ளாகவே யாரோ போனில் அவள் பேச்சைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏதாவது சொல்லுங்களேன்," என்றாள்.

"நல்லா இருந்துச்சு."

"அவ்வளவுதானா?"

அவர் நின்றார். எத்தனையோ நாளுக்கப்புறம் அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அன்னிக்குக் கூடாரத்துல அந்த வீடியோ ஓடினப்போ, நீதான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு நிமிஷம், நாமதான் தப்பு பண்றோமோன்னு எனக்கே தோணிச்சு. அஞ்சு வாரம் உக்காந்திருந்த எனக்கு. இன்னிக்கு நீ பேசினப்போ நாம செஞ்சதுதான் சரின்னு தோணிச்சு. ரெண்டு தடவையும் முழுசா நம்பினேன்மா."

"இன்னிக்குச் சொன்னது நிஜம்ங்க."

"இருக்கும். நிஜம்தான். எனக்குத் தெரியும்." அவர் ரோட்டைப் பார்த்தார். "ஆனா அதைச் சொன்னது யாரு? இனிமே வீட்டுல நீ ஒண்ணு சொன்னா, நான் எதை வச்சு நம்புறது?"

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"வேண்டாம்," என்று அவர் கையை உயர்த்தினார். "பேசாத." அதில் கோபம்கூட இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.